ஒரே பாறையில் ஊரும் ஒயினும்: செயின்ட் எமிலியோன் ஓர் அறிமுகம்

பிரான்ஸின் போர்தோ நகரத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போனால், தோர்தோன் ஆற்றுச் சமவெளிக்கு மேலே, ஒரு மேட்டின் விளிம்பில் தேன் நிறத்தில் ஒரு சிற்றூர் தெரியும். வீடு, மதில், கோபுரம், படிக்கட்டு எல்லாமே அந்த ஒரே நிறம்தான். மக்கள்தொகை 2,000-ஐத் தொடாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் திராட்சைக் கொடி. ஊர் மதிலை ஒட்டிய கடைசி முழம் வரை நட்டு வைத்திருக்கிறார்கள். இதுதான் செயின்ட் எமிலியோன்.

1999-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அப்போது எதைச் சேர்த்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு தேவாலயத்தையோ கோட்டையையோ மட்டும் தனியாக எடுத்துச் சேர்க்கவில்லை. செயின்ட் எமிலியோனும் அதைச் சுற்றிய ஏழு ஊர்களுமாகச் சேர்ந்து 7,847 ஹெக்டேர் நிலப்பரப்பு. அதில் கொடிகளும் அடக்கம், கொடிகளுக்கு நடுவே நடந்து வேலை செய்கிற மனிதர்களின் வேலைமுறையும் அடக்கம். இப்படிச் சேர்ப்பதற்கு ‘பண்பாட்டு நிலக்காட்சி’ என்று ஒரு வகை இருக்கிறது. 1992-இல்தான் யுனெஸ்கோ அதை உருவாக்கியது. இயற்கை தானாக விட்டு வைத்த காடும் மலையும் இந்த வகையில் வராது. மனிதன் கட்டி முடித்த கட்டடமும் வராது. நிலம் மனிதனின் பிழைப்பைத் தீர்மானித்து, மனிதன் திரும்ப நிலத்தை மாற்றி, நூற்றாண்டுக் கணக்கில் இப்படிக் கொடுக்கல் வாங்கலாக உருவான இடங்களுக்கான வகை இது.

கேட்பதற்குக் கொஞ்சம் காற்றில் மிதக்கிற கருத்துபோல இருக்கும். ஆனால் செயின்ட் எமிலியோனில் அதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஏனென்றால் அந்த ஊரில் எல்லாமே ஒரு கல்லில் போய் முடிகிறது.

கல்லிலிருந்து ஆரம்பிப்போம்

அந்த மேடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஏறக்குறைய 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கடலடியில் சிப்பியும் சின்னஞ்சிறு உயிர்களும் படிந்து படிந்து இறுகிப் பாறையானது. நட்சத்திர மீன்களின் நுண்ணிய எச்சங்கள் அதில் நிறையக் கிடைப்பதால், பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு நட்சத்திர மீன் சுண்ணாம்புக்கல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கல்லின் குணம் இரண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதிக் கதைக்கு இது போதும். முதலாவது, இது மிருதுவான கல். உளியும் ரம்பமும் இருந்தால் குடைந்து எடுத்துவிடலாம். வெளியே எடுத்துக் காற்றுப்பட்டால் மெல்ல இறுகும். இரண்டாவது, இது தண்ணீர் குடிக்கிற கல். மழை பெய்தால் உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும், வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும்.

ஊருக்குப் பெயர் கொடுத்தவரும் இந்தக் கல்லுக்குள் குடியிருந்தவர்தான். எமிலியோன் என்ற துறவி, பிரான்ஸின் வடமேற்கு மூலையில் இருக்கிற பிரிட்டனியின் வான் நகரத்துக்காரர். 8-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தபோது இந்த இடத்துக்கு அஸ்கும்பாஸ் என்று பெயர். அவர் ஒரு குகையில் தங்கித் தவம் இருந்தார், 767-இல் இறந்தார் என்பது மரபு. அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. பிரிட்டனியில் ஒரு பிரபுவின் வீட்டில் வேலை பார்த்தபோது, ஏழைகளுக்குக் கொடுக்க ரொட்டியை அங்கிக்குள் மறைத்து எடுத்துப் போனாராம். வழியில் எஜமானன் மடக்கி, “என்ன அது?” என்று கேட்க, “விறகு” என்றாராம். அங்கியைத் திறந்தால் ரொட்டியெல்லாம் விறகாகியிருந்ததாம்.

அவருடைய குகையை இன்றும் காட்டுகிறார்கள். உள்ளே ஒரு சுனை ஓடுகிறது. பாறையிலேயே வெட்டிய ஒரு இருக்கையும் இருக்கிறது. குழந்தை வரம் வேண்டுகிற பெண்கள் அதில் வந்து உட்காருவது நெடுநாள் வழக்கம், இன்னும் நின்றுபோகவில்லை. உலகப் பாரம்பரியம் என்ற பெரிய சொல்லுக்குப் பக்கத்தில் இந்தச் சின்ன இருக்கையை வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

துறவிக்குப் பின் அவர் பெயரைச் சொல்லி யாத்திரிகர்கள் வரத் தொடங்கினார்கள், மடங்கள் வந்தன, ஊர் வளர்ந்தது. 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு தேவாலயம் எழுப்ப வேண்டியிருந்தது. இந்த இடத்தில் ‘எழுப்ப’ என்று எழுதுவதே தப்பு. அவர்கள் எதையும் எழுப்பவில்லை, மேட்டின் உள்ளே இருந்த பாறையை அகற்றிக்கொண்டே போனார்கள். 38 மீட்டர் நீளம், ஏறக்குறைய 12 மீட்டர் உயரம். தூண்கள் அடுக்கிக் கட்டியவை அல்ல, வெட்டாமல் விட்டவை. கூரை என்பது வெட்டாமல் விட்ட தரை. ஒரே பாறையில் குடைந்த இப்படிப்பட்ட தேவாலயங்களில் ஐரோப்பாவிலேயே பெரியவற்றில் ஒன்று இது.

ஊர்ச் சதுக்கத்தில் நின்று பார்த்தால் பாறை முகத்தில் ஒரு வாசலும் சில சன்னல்களும் மட்டும்தான் தெரியும். உள்ளே போகும்வரை அது எவ்வளவு பெரிது என்று பிடிபடாது. பின்னால் வந்தவர்கள் அந்தப் பாறையின் தலையில் 68 மீட்டர் உயரத்துக்கு ஒரு மணிக்கூண்டையும் ஏற்றிவிட்டார்கள். சுமார் 4,500 டன் எடை. அத்தனையும் கீழே இருக்கிற தூண்களின் தலையில் இறங்குகிறது.

தேவாலயத்தோடு குடைவது நிற்கவில்லை. மேட்டின் வயிற்றுக்குள் கல்குவாரிகள் பரவின. செயின்ட் எமிலியோனின் வீடுகள் மட்டுமல்ல, பக்கத்து லிபூர்ன், தூரத்துப் போர்தோ வரை இந்தப் பகுதிக் கல் ஆற்று வழியாகப் போயிருக்கிறது. மேலே ஒரு வீடு நிற்கிறது என்றால், கீழே எங்கோ அதே அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சுரங்கப்பாதைகளைக் கூட்டினால் சுமார் 200 கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். கல் எடுத்து முடித்தபின் அந்த இடங்கள் வீணாகவில்லை. கோடையோ குளிரோ உள்ளே வெப்பநிலை பெரிதாக மாறாது, ஈரமும் சீராக இருக்கும். ஒயின் பீப்பாயை உறங்க வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஊரைக் கட்டக் கல் கொடுத்த பள்ளம், அப்புறம் ஒயினின் நிலவறையானது.

தெருவார் என்றால் என்ன?

ஒயினைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்கிற சொல் ‘தெருவார்’. பிரெஞ்சுச் சொல். மண், மண்ணுக்கு அடியில் இருக்கிற பாறை, சரிவு, வெயில், மழை, காற்று, அதோடு அந்த இடத்தைத் தெரிந்துவைத்திருக்கிற மனிதக் கை, இதெல்லாம் சேர்ந்து ஒரு விளைபொருளுக்குக் கொடுக்கிற தனித்தன்மை என்று நீட்டிச் சொல்லலாம். தமிழ் படித்தவர்களுக்கு இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள், அவற்றிலிருந்து பிறக்கிற மரமும் தொழிலும் உணவும் கருப்பொருள் என்று நம் திணை மரபு பிரித்து வைத்திருக்கிறதே, தெருவாருக்கு அதைவிட நெருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

செயின்ட் எமிலியோனில் அது எப்படி வேலை செய்கிறது? ஊர் நிற்கிற மேட்டில் மேல்மண் ஆழம் குறைவு, உடனே சுண்ணாம்புப் பாறை வந்துவிடும். மேட்டின் சரிவுகளில் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். வடமேற்கே, பொமெரோல் ஊர் எல்லையை ஒட்டி, கூழாங்கல் நிலம் கொஞ்சம் இருக்கிறது. தெற்கே ஆற்றை நோக்கி இறங்கினால் மணல். இத்தனையும் சில கிலோமீட்டருக்குள்.

திராட்சைக்குச் செழிப்பான மண் வேண்டும் என்று நினைப்போம். நல்ல ஒயினுக்கு அது வேண்டாம். உரமும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்தால் கொடி இலையும் தளிருமாகக் கொழிக்கும், பழத்தில் சாறு நீர்த்துப்போகும். சுண்ணாம்புப் பாறை கொடிக்கு அளந்து கொடுக்கிறது. வசந்த காலத்து மழையைக் குடித்து வைத்து, ஜூலை ஆகஸ்ட் வறட்சியில் வேருக்குக் கசியவிடுகிறது. வேர் பாறை இடுக்கில் அதைத் தேடிப் போகிறது. கொடி வாடுவதும் இல்லை, கொழுப்பதும் இல்லை. பழம் சிறியதாக, தோல் தடித்து, சாறு செறிவாக வருகிறது. முன்னே சொன்ன ‘தண்ணீர் குடிக்கிற கல்’ என்பதன் பலன் இதுதான்.

நடுகிற வகைகளில் மெர்லோ முதலிடம். ஈரம் தங்குகிற குளிர்ந்த களிமண்ணும் சுண்ணாம்பும் அதற்கு ஒத்துப்போகின்றன. அடுத்தது கேபர்னே ஃப்ரான். உள்ளூரில் அதை ‘பூஷே’ என்பார்கள். மெர்லோ ஒயினுக்கு உடம்பைக் கொடுக்கும், பூஷே மணத்தையும் நிமிர்வையும் கொடுக்கும். கூழாங்கல் பகுதியில் கேபர்னே சோவின்யோனும் கொஞ்சம் உண்டு. ஆற்றுக்கும் போர்தோவுக்கும் அந்தப் பக்கம் இருக்கிற மெதோக் பகுதியில் அந்தக் கேபர்னே சோவின்யோன்தான் அரசன். ஒரே போர்தோ ஒயின் என்று பொதுவாகச் சொன்னாலும் இரண்டு கரையிலும் சுவை வேறாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

கொடிகளைப் பந்தலில் ஏற்றுவதில்லை. கம்பி கட்டி, இடுப்பளவு உயரத்தில் வரிசை வரிசையாக வளர்க்கிறார்கள். குளிர்காலம் முழுக்கக் கவாத்து நடக்கும். எந்தக் கிளையில் எத்தனை மொட்டு விட வேண்டும் என்று ஒவ்வொரு கொடியாக நின்று, பார்த்து, வெட்ட வேண்டும். அடுத்த ஆண்டின் ஒயின் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

எல்லைக்கோடு போட்டவர்கள்

திராட்சை இங்கே ரோமானியர் காலத்திலேயே வந்துவிட்டது. 4-ஆம் நூற்றாண்டில் போர்தோவில் பிறந்த லத்தீன் கவிஞர் அவுசோனியுஸுக்கு இங்கே ஒரு மாளிகை இருந்தது என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். ஷத்தோ ஓசோன் என்ற புகழ்பெற்ற தோட்டத்துக்கு அவர் பெயர்தான். ஷத்தோ என்றால் அகராதியில் கோட்டை, ஆனால் போர்தோவில் ஒயின் தோட்டத்துக்கே அதுதான் வழக்குச் சொல். சில ஷத்தோக்களில் சாதாரண ஓட்டு வீடுதான் நிற்கும்.

ஆனால் கொடி நட்டதை மட்டும் வைத்து இந்த ஊருக்கு இவ்வளவு பெயர் வந்திருக்காது. கொடி நட்ட ஊர்கள் ஆயிரம். இந்த ஊர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டம் போட்டது. என் பார்வையில் இதன் உண்மையான பாரம்பரியம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

1152-இல், போர்தோவும் அடங்கிய அக்கிதேன் நாட்டு எலியனோர் ஹென்றி பிளான்டாஜினெட்டை மணந்தாள். இரண்டே ஆண்டில் அவர் இங்கிலாந்தின் அரசரானார். அப்படியாகப் போர்தோ வட்டாரம் ஆங்கில அரசர்களின் கைக்கு வந்தது, ஒயின் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போயிற்று. 1199-இல் அவர்கள் மகன் ஜான், ஃபலேஸ் என்ற இடத்தில் கையெழுத்திட்ட ஒரு சாசனத்தில், செயின்ட் எமிலியோன் தன் ஊர் நிர்வாகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தார். ஊர்ப் பெரியவர்களின் அந்த அவைக்கு ‘ஜுராத்’ என்று பெயர். 1289-இல் எட்வர்ட் அரசர் அந்த அவையின் அதிகார எல்லையை எட்டு ஊர்ப்பங்குகளாக வரையறுத்தார். 1999-இல் யுனெஸ்கோ சேர்த்ததும் எட்டு ஊர்கள்தான், அதே பழைய எல்லை. 700 ஆண்டு இடைவெளியில் ஒரு கோடு அப்படியே நிற்கிறது.

வரி, நீதி, காவல் எல்லாம் ஜுராத்தின் வேலை. அதில் ஒயினும் ஒன்று. அறுவடையை எந்த நாளில் தொடங்கலாம் என்று அவர்கள்தான் அறிவிப்பார்கள். அதற்கு முன் யாரும் குலையைத் தொடக்கூடாது. அவசரப்பட்டுப் பழுக்காததைப் பறித்து ஊர்ப் பெயரில் விற்றால் எல்லாருக்கும் கெட்ட பெயர். அறுவடை முடிந்து, ஒயின் தயாரானதும் சுவைத்துப் பார்ப்பார்கள். தேறினால், ஊர்ச் சின்னம் பொறித்த இரும்பு முத்திரையைப் பழுக்கக் காய்ச்சிப் பீப்பாயின் மரத்தில் அழுத்துவார்கள். தேறாததை அழித்துவிடுவார்கள். புகை எழும்ப மரம் கருகுகிற அந்த முத்திரைதான் இன்றைய லேபிளுக்குப் பாட்டன்.

1453-இல் பக்கத்திலேயே இருக்கிற காஸ்தியோனில் நடந்த போரில் ஆங்கிலேயர் தோற்றார்கள், இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் தலைமுறை தலைமுறையாக நடந்த நூற்றாண்டுப் போர் முடிந்தது. ஊர் பிரான்ஸ் அரசரிடம் போனது, ஜுராத் மட்டும் தொடர்ந்தது. அதை முடித்து வைத்தது பிரெஞ்சுப் புரட்சிதான்.

புரட்சிக் காலத்தில் ‘செயின்ட்’ என்ற சொல்லே ஆகாது என்று ஊர்ப் பெயரையும் மாற்றிவிட்டார்கள், எமிலியோன் லா மோந்தாஞ் என்று. ஆனால் அந்தக் காலத்திலிருந்து மறக்க முடியாத நிகழ்ச்சி வேறு ஒன்று இருக்கிறது. பாரிஸில் புரட்சியாளர்களிலேயே மிதவாதிகளான ‘ஜிரோந்தின்’ அணியின் தலைவர்களைக் கொல்லத் தேடியபோது, அவர்களில் ஒருவரான குவாதே தன் சொந்த ஊருக்கு ஓடிவந்தார். செயின்ட் எமிலியோன்தான் அவருடைய ஊர். அவரையும் தோழர்களையும் தெரேஸ் பூக்கே என்ற உறவுக்காரப் பெண் தன் வீட்டில் ஒளித்து வைத்தாள். வீட்டுக்குள் அல்ல, வீட்டுக் கிணற்றுக்குள். கிணற்றுச் சுவரில் பாதி ஆழத்தில் ஒரு திறப்பு, அதற்குள்ளே ஒரு பழைய குடைவு. தனக்கு வந்த உணவை அத்தனை பேருக்கும் பங்கிட்டுக் கொடுத்தாள். கடைசியில் குவாதே பிடிபட்டு 1794-இல் போர்தோவில் கில்லட்டினுக்குப் போனார். அடைக்கலம் கொடுத்த தெரேஸ் பூக்கேயும் போனாள். கல் எடுத்த பள்ளங்கள் ஒயினை மட்டும் காக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பூச்சி, பனி, சட்டம்

19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவிலிருந்து ஒரு பூச்சி வந்தது. ஃபில்லாக்ஸெரா என்று பெயர், அசுவினிக்கு உறவு. கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவில் வேரில் உட்கார்ந்து உறிஞ்சும், கொடி சாகும். பிரான்ஸ் முழுக்கத் தோட்டங்கள் அழிந்தன. கடைசியில் தீர்வும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. அந்தப் பூச்சியைத் தாங்கிப் பழகிய அமெரிக்க வேர்க்கொடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். இன்றும் இங்கே ஏறக்குறைய எல்லாக் கொடியும் ஒட்டுக்கொடிதான்.

அந்த நெருக்கடிக்கு நடுவே, 1884-இல், விவசாயிகள் சேர்ந்து ஒரு ஒயின் விவசாயிகள் சங்கத்தை அமைத்தார்கள். 1936-இல் செயின்ட் எமிலியோன் என்ற பெயருக்குச் சட்டப்பூர்வ மூலப்பெயர் உரிமை கிடைத்தது. புவிசார் குறியீடு தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஆனால் இது அதைவிடக் கறார். எந்த நிலத்தில் விளைய வேண்டும், என்ன வகைகள், ஒரு ஹெக்டேரில் அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்பதெல்லாம் விதியில் அடங்கும். எல்லைக்கு ஒரு அடி வெளியே இருந்தால் பெயர் கிடையாது. பழைய முத்திரையின் வேலையை இப்போது சட்டம் செய்கிறது.

1956 பிப்ரவரியில் கடும் பனி. அதுவரை அப்படி ஒரு குளிரை அந்தத் தலைமுறை கண்டதில்லை. கொடிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பலர் தோட்டத்தையே பிடுங்கி, மறுபடி முதலிலிருந்து நட வேண்டியிருந்தது. கொடி நல்ல பழம் தர ஆண்டுக்கணக்கில் ஆகும், ஆகவே அது ஒரு ஆண்டு நட்டத்தோடு போகவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 1955-இல், ஊருக்கு ஒரு தரவரிசை வந்திருந்தது. இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மெதோக்கின் புகழ்பெற்ற 1855 தரவரிசையில் செயின்ட் எமிலியோனுக்கு இடமே கிடைக்கவில்லை. அந்தப் பட்டியல் அன்றிலிருந்து அநேகமாக மாறாமல் நிற்கிறது. செயின்ட் எமிலியோன் தன் பட்டியலைப் போட்டபோது, ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை மறுபடி தேர்வு வைப்பது என்று முடிவு செய்தது. மேலே ஏறலாம், கீழே இறங்கலாம், வெளியேயும் போகலாம்.

லேபிளில் ‘க்ரான் க்ரூ’ என்று மட்டும் இருந்தால் அது தரவரிசையில் வந்த தோட்டம் என்று அர்த்தமில்லை. அது கொஞ்சம் கடுமையான விதிகளுக்கு உட்பட்ட ஒரு மூலப்பெயர், அவ்வளவுதான். அதோடு ‘க்ளாஸே’ என்ற சொல்லும் சேர்ந்திருந்தால்தான் தரவரிசையில் இடம்பெற்றது. அதற்கும் மேலே ‘ப்ரெமியே க்ரான் க்ரூ க்ளாஸே’. அதன் உச்சியில் ஏ பிரிவு.

சுதந்திரமாக ஏறி இறங்கலாம் என்றால் சண்டையும் வரத்தானே செய்யும். 2006 பட்டியலில் இறக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள், பட்டியலே ரத்தானது. 2022 பட்டியலுக்கு முன்னால், உச்சியில் இருந்த ஓசோனும் ஷெவால் ப்ளானும் தாங்களாகவே விலகிக்கொண்டன. ஆஞ்செலுஸும் பின்னாலேயே போனது. மண்ணையும் ஒயினையும் விட விளம்பரத்துக்கும் சுற்றுலாவுக்கும் மதிப்பெண் கூடிவிட்டது என்பது அவர்கள் வருத்தம். 2022 பட்டியலில் 85 தோட்டங்கள். ஏ பிரிவில் பாவி, ஃபிஜாக் என்று இரண்டே இரண்டு. சண்டை இருந்தாலும், மாறாத பட்டியலைவிட மாறக்கூடிய பட்டியல்தான் நேர்மையானது என்று நான் நினைக்கிறேன். நேற்றைய பெயரை வைத்து இன்று யாரும் காலம் தள்ள முடியாது.

1948-இல் ஊரார் ஜுராத்தை மறுபடி உயிர்ப்பித்தார்கள். இப்போது அதற்கு வரி வாங்கவோ தண்டிக்கவோ அதிகாரம் இல்லை. செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவப்பு அங்கியில் ஊர்வலமாக வந்து, அரசர் கோபுரம் என்கிற பழைய சதுரக் கோபுரத்தின் மேல் ஏறி, அறுவடை தொடங்கட்டும் என்று அறிவிக்கிறார்கள். கீழே சந்துகளில் கூட்டம் நிற்கும். சந்துகள் அத்தனை செங்குத்து, கற்கள் வழுக்கும், ஏறுவதற்கு நடுவில் கைப்பிடிக் கம்பி போட்டிருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் வெயில் கூடிய ஆண்டுகளில் அந்த அறிவிப்புக்கு முன்பே சில தோட்டங்களில் மெர்லோவைப் பறிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மெர்லோ சீக்கிரம் பழுக்கிற வகை, வெப்பம் ஏற ஏறச் சர்க்கரை கூடி ஒயினில் ஆல்கஹால் ஏறிவிடுகிறது. அதனால் நிதானமாகப் பழுக்கிற பூஷேவை அதிகம் நடுகிறவர்கள் இருக்கிறார்கள். நீண்ட கோடையில் கொடிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற அந்தச் சுண்ணாம்புப் பாறைக்கு மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. கீழே தேவாலயத்தில், அதே பாறை அதே தண்ணீரைக் குடித்துத்தான் தூண்கள் பலவீனமாயின. மணிக்கூண்டைத் தாங்குகிற தூண்களைச் சுற்றி இரும்புச் சட்டம் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். உள்ளே போகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தச் சட்டங்களைத்தான்.